இது எந்தக் கதவின் சாவி?

பெர்லினில் ஒரு மேசை. அதன் மேல் தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கிய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் நகல் ஒன்று கிடக்கிறது. 600-க்கு 510. மதுரையிலோ திருச்சியிலோ இந்த எண்ணைச் சொன்னால் அடுத்த வீட்டார் ‘பரவாயில்லையே’ என்பார்கள். கொஞ்சம் கறாரான மாமா ஒருவர் ‘அந்தத் தொண்ணூறு எங்கே போச்சு?’ என்பார். பெர்லின் மேசைக்காரருக்கு இரண்டும் தோன்றாது. அவர் கண் முதலில் எண்ணில் விழுவதே இல்லை. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மாணவி தன் சொந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைய முடியும்? அவர் தேடும் முதல் விடை இதற்குத்தான்.

இன்றைய பேச்சு அந்த மேசையைப் பற்றியது.

பழைய நாட்களில் நெல் அளக்கிற படி ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி ஒரு கணக்கு, உள்ளூர்ப் படி இன்னொரு கணக்கு. வெளியூரிலிருந்து நெல் பிடிக்க வந்த வியாபாரி ‘எத்தனை படி?’ என்று கேட்கும் முன் ‘எந்தப் படி?’ என்று கேட்டாக வேண்டும். பள்ளிச் சான்றிதழை மதிப்பிடும் தொழிலும் அந்த ‘எந்த’வில்தான் தொடங்குகிறது. ‘எத்தனை’ பிறகு வருகிறது. நம் வீடுகளில் தூக்கத்தைக் கெடுப்பதோ ‘எத்தனை’தான்.

ஐரோப்பாவில் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கு ஒரு தனிப் பிறப்புக் கதை உண்டு. பிரஷ்யா 1788-இல் அபிட்டூர் தேர்வுக்கு விதிமுறை வகுத்தது. அப்போது அதில் தவறியவர்கூடப் பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. 1834-க்குப் பிறகுதான் அபிட்டூர் இல்லாதவருக்கு இடமில்லை என்றானது. பிரான்ஸில் நெப்போலியன் 1808-இல் பக்கலோரெயாவை ஏற்படுத்தினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அந்தத் தேர்வு பிரான்ஸில் இன்றைக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டமாகவே எண்ணப்படுகிறது. அதன் தேர்வுக் குழுவுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தலைமை தாங்குவது அதனால்தான். ஆக, அந்த நாடுகளில் பள்ளியை முடித்த சான்றும் பல்கலைக்கழக நுழைவுச்சீட்டும் ஒரே காகிதம். வெளிநாட்டுச் சான்றிதழ் எதைக் கண்டாலும் ‘இது நுழைவுச்சீட்டா, இல்லையா?’ என்று அவர்கள் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

ஜெர்மானியர் இந்த நுழைவுச்சீட்டுக்கு மூச்சு வாங்கும் நீளத்தில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘உயர்கல்வி நுழைவுரிமை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எந்த நாட்டின் எந்தச் சான்றிதழுக்கு இந்த உரிமை உண்டு என்பதைப் பான் நகரில் உள்ள ஒரு மைய அலுவலகம் ஆராய்ந்து, ‘அனபின்’ என்ற தரவுத்தளத்தில் பதிந்து வைக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தரவுத்தளத்தின் துணையோடு விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்காகப் பிரித்துப் பார்க்கும் கூட்டமைப்புதான் பெர்லினில் இருக்கும் யூனி-அசிஸ்ட். 2003-இல் தொடங்கியது. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. நம் மேசை அங்கேதான் கிடக்கிறது.

துருக்கியைப் பாருங்கள். அங்கே பன்னிரண்டாண்டுப் பள்ளியை முடித்தால் ‘லிஸே’ சான்றிதழ் தருகிறார்கள். ஆனால் அதை மட்டும் நீட்டினால் துருக்கியிலேயே பல்கலைக்கழகக் கதவு திறக்காது. தேசிய நுழைவுத் தேர்வு எழுதி இடம் பெற்றாக வேண்டும். ஆகவே ஜெர்மனியும் ‘உங்கள் ஊரில் இடம் கிடைத்ததற்கான தாளையும் கொண்டு வாருங்கள்’ என்கிறது. சொந்த ஊரில் திறக்காத கதவைப் பெர்லினில் திறந்துவிட முடியாது என்பது வாதம். இதையே திருப்பிப் போட்டால் இந்தியாவுக்கு ஒரு நன்மை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறிய இந்திய மாணவருக்கு ஜெர்மனி பொறியியல், இயற்கை அறிவியல் துறைகளில் நேரடி நுழைவுரிமை தருகிறது. அந்தத் தேர்வு இந்தியாவில் ஐ.ஐ.டி. கதவைத் திறக்கிறதல்லவா? அவர்களுக்கு அது போதும்.

வெறும் பிளஸ் டூவோடு போகிறவர் கதை வேறு. இந்தியாவில் பிளஸ் டூ முடித்தால் பி.எஸ்சி.யில் சேரலாம், பி.காமில் சேரலாம், கதவு திறக்கத்தானே செய்கிறது? திறக்கிறது. ஆனால் ஜெர்மனி அங்கே இன்னொன்றையும் பார்க்கிறது: சாவி எவ்வளவு அகலமானது? அபிட்டூர் மாணவர் பள்ளியின் கடைசி ஆண்டுவரை மொழிகள், கணிதம், ஓர் அறிவியல், வரலாறு போன்ற ஒரு சமூகப் பாடம் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறார். நம் ஊர்ப் பிள்ளை பதினைந்து வயதிலேயே ‘ஃபர்ஸ்ட் குரூப்’, ‘காமர்ஸ் குரூப்’ என்று பிரிந்துவிடுகிறது. அந்தப் பிரிவினையின் விலை பெர்லினில் தெரிகிறது. இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாகப் படித்துவிட்டு, அதே துறையில் சேரக் கேட்கலாம். இல்லையென்றால் ஜெர்மனிக்குப் போய் ‘ஸ்டூடியன்கோலெக்’ என்ற ஆயத்தக் கல்லூரியில் இரண்டு பருவம் படிக்க வேண்டும்.

ஸ்டூடியன்கோலெக்கில் சேரவே ஒரு நுழைவுத் தேர்வு உண்டு, அதுவும் ஜெர்மன் மொழியில். உள்ளே போனால் தொழில்நுட்பத்துக்கு ஒரு வகுப்பு, மருத்துவத்துக்கு ஒன்று, பொருளியலுக்கு ஒன்று என்று மறுபடியும் ‘குரூப்’தான். முடிவில் ஒரு தகுதித் தேர்வு. அந்த மதிப்பெண்ணும் பள்ளி மதிப்பெண்ணும் சேர்ந்தே அடுத்த கணக்குக்குப் போகின்றன. வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர்கள் இதை ‘ஒரு வருஷம் வேஸ்ட்’ என்று சொல்லி வேறு நாட்டுக்குத் திருப்பிவிடுவது வழக்கம். ஜெர்மன் மொழியில் வகுப்பைக் கேட்டு, குறிப்பெடுத்து, தேர்வெழுதப் பழகும் ஓர் ஆண்டை வீண் என்று சொல்வது அவர்களுடைய கமிஷன் கணக்கில் மட்டுமே சரி.

இந்தத் துறையின் மனப்போக்கே கடந்த எழுபது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. ஐரோப்பிய மன்றம் 1953 டிசம்பரில் பாரிஸில் ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தது. பல்கலைக்கழக நுழைவுக்கான சான்றிதழ்களின் ‘இணைத்தன்மை’ பற்றியது அது. இணைத்தன்மை என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதான். அரசு வேலைக்கு விண்ணப்பித்த யாரும் அந்தச் சொல்லோடு ஒரு முறையாவது மல்லுக்கட்டியிருப்பார்கள். இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்குச் சமமா, இந்த மணிநேரம் அந்த மணிநேரத்துக்குச் சமமா என்று தராசில் வைத்து நிறுப்பது அது. இரண்டு தட்டும் நேராக நின்றால்தான் அனுமதி. உலகில் எந்த இரண்டு பாடத்திட்டமும் நேராக நிற்காது என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

1997 ஏப்ரலில் லிஸ்பனில் வேறு ஓர் ஒப்பந்தம் உருவானது. இம்முறை ஐரோப்பிய மன்றமும் யுனெஸ்கோவும் சேர்ந்து செய்தன. 1999-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் இணைத்தன்மையின் இடத்தில் ‘ஏற்பு’ வந்து உட்கார்ந்தது. உங்கள் நாட்டில் உயர்கல்விக்கு வழிவிடும் சான்றிதழ் எங்கள் நாட்டிலும் வழிவிடும். இரண்டுக்கும் இடையே ‘கணிசமான வேறுபாடு’ இருப்பதை நாங்கள் காட்டினாலொழிய. இந்த ‘நாங்கள்’தான் முக்கியம். பழைய முறையில் தன் சான்றிதழ் சமமானது என்று மாணவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. லிஸ்பன் அந்தச் சுமையைத் தூக்கி மறுபக்கத்தில் வைத்தது: மறுக்கிற அலுவலகம்தான் காரணம் காட்ட வேண்டும். வேறுபாடு இருப்பது குற்றமில்லை, மறுப்பதற்கு அது கணிசமானதாக இருக்க வேண்டும். மாணவர் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

இந்த யோசனையை உலகளவுக்கு விரித்து 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. 2023 மார்ச்சில் அது உயிர்பெற்றது. நடைமுறையில் ஒவ்வொரு மேசையும் இதை ஒரே மாதிரி பின்பற்றுகிறது என்று சொல்ல முடியாது. வேறுபாடு கணிசமா இல்லையா என்று சொல்வது ஒரு மனிதர், அவர் முன்னால் இருப்பது அன்றைய கோப்புக் கட்டு. ஆனாலும் வாசற்காவலன் காரணம் சொல்லியாக வேண்டும் என்று எழுதிவைத்தது சின்ன விஷயமில்லை.

இனி ‘எத்தனை’க்கு வரலாம்.

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ். 1.0 என்றால் உச்சம், 4.0 என்றால் ஒட்டிப் பிழைத்த தேர்ச்சி. அமெரிக்காவிலோ 4.0 என்றால் உச்சிமுகர வேண்டிய மாணவர். அட்லாண்டிக்கின் இரு கரைகளில் ஒரே எண்ணுக்கு ஒருபக்கம் கைத்தட்டல், மறுபக்கம் பெருமூச்சு. பேத்தி ஜெர்மனிக்கு அனுப்பிய மதிப்பெண் 1.69 ஆக மாறித் திரும்பி வந்தால் பாட்டி பதறத்தான் செய்வார். பதற வேண்டாம், அது நல்ல மதிப்பெண்.

510 எப்படி 1.69 ஆனது? ‘திருத்திய பவேரியச் சூத்திரம்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழியுங்கள்: 600-இல் 510 போக 90. அடுத்து, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்: நூற்றுக்கு 35 தேர்ச்சி என்றால் 600-க்கு 210, ஆக தூரம் 390. 90-ஐ 390-ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.69. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஆனால் இந்த எளிய கணக்குக்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. அதே 85 சதவீதத்தை சி.பி.எஸ்.இ. மாணவர் ஒருவர் வாங்கியிருக்கட்டும். அங்கே தேர்ச்சி 33. கணக்குப் போட்டால் 1.67. நூற்றுக்கு 40 எடுத்தால்தான் தேர்ச்சி என்ற வாரியமாக இருந்தால் 1.75. 50 எடுத்தால்தான் தேர்ச்சி என்ற கடுமையான வாரியமாக இருந்தால் 1.90. அதாவது, தேர்ச்சிக் கோட்டைத் தாழ்த்திப் போட்ட ஊரின் பிள்ளைக்கு நல்ல மதிப்பெண், கோட்டை உயர்த்திக் கண்டிப்புக் காட்டிய ஊரின் பிள்ளைக்கு மட்டமான மதிப்பெண். கண்டிப்பான வாத்தியாரிடம் படித்ததற்கு அபராதம்! 33-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தசமத்தில் கரைந்துவிடும். 35-க்கும் 50-க்கும் உள்ளது கரையாது. மருத்துவம், உளவியல் போன்ற துறைகளில் இடங்கள் குறைவு, விண்ணப்பம் அதிகம்; அங்கே 0.1 கூட ஆளை வெளியே நிறுத்திவிடும்.

சூத்திரத்துக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 85 சதவீதம் என்பது அந்த ஆண்டில் அந்த வாரியத்தில் அபூர்வமா, அள்ளக் குறையாததா? அது கேட்பதில்லை. கோட்டின் இரு முனையும் தெரியும், நடுவில் எங்கே கூட்டம் நெரிகிறது என்று தெரியாது. தமிழ்நாட்டில் 2018 வரை பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண். 2019-இலிருந்து 600. 2021-இல் கொரோனாவால் பொதுத் தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறைத் தேர்விலிருந்தும் அகமதிப்பீட்டிலிருந்தும் 30 என்று கணக்கிட்டு, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சான்றிதழ் தந்தார்கள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் 2018, 2019, 2021 என்று முடித்திருந்தால் மூன்று விதமான தாள். சூத்திரத்தின் முன்னால் மூன்றும் உடன்பிறந்தவையே.

கூட்டம் எங்கே நெரிகிறது என்பதைக் கணக்கில் எடுக்கும் முறைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை, இலங்கைக்குப் போனால் போதும். அங்கே உயர்தரப் பரீட்சையில் ‘இசட் புள்ளி’ என்று ஒன்று 2001-ஆம் ஆண்டு வாக்கில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து மாணவர் எத்தனை தூரம் விலகி நிற்கிறார் என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பெறுபேற்றில் மூன்று ‘ஏ’ என்ற மகிழ்ச்சிக்குப் பிறகும், நாலு தசம இடம் வரைக்கும் நீளும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு வரும். மாவட்டத்தில் எத்தனையாவது, தீவு முழுவதிலும் எத்தனையாவது என்பதும் அதே தாளில் இருக்கும். உள்நாட்டு வரிசைக்கு இதைவிட நுணுக்கமான கருவி கிடைப்பது அரிது. கடல் தாண்டினால் அதே கருவி ஊமையாகிவிடுகிறது. தன் தீவின் சராசரியை வைத்து அளந்த எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு எப்படிச் சேர்ப்பது? வெளிநாட்டு மேசைகள் பொதுவாக ஏ, பி, சி என்ற தரங்களோடு நின்றுகொள்கின்றன.

பிரிட்டன் இந்தச் சங்கடத்தைச் சூத்திரம் இல்லாமல் கடக்கிறது. அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகமும் நாடுவாரியாக, இந்தியா என்றால் வாரியம் வாரியமாகவும், எத்தனை சதவீதம் வேண்டும் என்று அறிவித்துவிடும். சி.பி.எஸ்.இ.க்கு ஒரு சதவீதம், மாநில வாரியங்களுக்கு அதைவிடச் சற்று அதிகம் என்று கேட்பது பல இடங்களில் வழக்கம். சான்றிதழின் தரநிலை பற்றி ஆலோசனை சொல்ல ஒரு தேசிய மையம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், 2021-இல், அதன் பெயரும் மாறியது. ஆனால் இடம் தருவதும் மறுப்பதும் பல்கலைக்கழகத்தின் கையில்.

அமெரிக்காவில் அந்தத் தேசிய மையமும் கிடையாது. 1970 வரைக்கும் கூட்டரசின் கல்வி அலுவலகம் வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அது கையைக் கழுவியதும் வெற்றிடத்தில் தனியார் நிறுவனங்கள் முளைத்தன. நியூயார்க்கின் வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ் 1974-இல் தொடங்கியது. நம் பிள்ளைகள் ‘வெஸ் பண்ணியாச்சா?’ என்று கேட்டுக்கொள்வது இதைத்தான். 1987-இல் இப்படிப்பட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஒரு சங்கமும் வைத்துக்கொண்டன. ஒரே மதிப்பெண் பட்டியலுக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்குச் சொல்வது அங்கே நடக்கக்கூடியதுதான். எதை ஏற்பது என்பது கல்லூரியின் விருப்பம்.

சான்றிதழை மதிப்பிடும் தலைவலியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1858-இல் உள்ளூர்ப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய தேர்வை, சில ஆண்டுகளிலேயே டிரினிடாட் தீவுக்கும் அனுப்பியது. தாளை மதிப்பிடுவானேன், தேர்வையே கப்பலேற்றிவிடுவோம் என்ற வழி அது. இலங்கையிலும் அந்தத் தேர்வுகள் வேரூன்றின. அதேபோல லண்டன் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியவர் என்பதும் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெருமைக்குரிய அடைமொழியாக இருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தபோது ‘மெட்ரிகுலேஷன்’ என்ற சொல்லும் கூடவே வந்து இறங்கியது. பல்கலைக்கழகப் பேரேட்டில் பெயர் ஏறுவது என்பதே அதன் பொருள். இன்றைக்கு நம் தெருமுனையில் எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பலகை வைத்திருக்கும் மெட்ரிக் பள்ளிக்கு அந்தப் பொருள் மறந்துபோய் வெகுகாலமாகிறது.

ஜெனீவாக்காரர்கள் இன்னொரு விதமாக யோசித்தார்கள். அங்கே 1924-இல் சர்வதேச சங்க (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. மேல்வகுப்புக்கு வந்ததும் வகுப்பறை சிதறிவிடும்: பிரெஞ்சுப் பிள்ளை பக்கலோரெயாவுக்கு, ஆங்கிலப் பிள்ளை ஏ லெவலுக்கு, அமெரிக்கப் பிள்ளை கல்லூரி வாரியத் தேர்வுக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெவ்வேறு நாடுகளுக்குப் படிப்பு. இந்தக் கூத்திலிருந்து பிறந்ததுதான் 1968-இல் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் பக்கலோரெயா என்ற ஐ.பி. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத சான்றிதழ். ஆறு பாடம், பாடத்துக்கு 7 புள்ளி, கூடுதலாக 3, மொத்தம் 45, தேர்ச்சிக்கு 24. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983-இல் இதை ஏற்றுக்கொண்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததாலேயே அதற்கு எல்லா நாட்டிலும் ஒரு மதிப்பு வந்தது. அதன் கட்டணத்தைப் பார்த்தால், அந்தப் பொதுச்சாவி எல்லார் மடியிலும் இருக்கப்போவதில்லை என்பதும் தெரியும்.

மதிப்பெண்ணும் பாடமும் இருக்கட்டும், வெறும் ஆண்டுக் கணக்கே ஒரு நாட்டை உலுக்கியதுண்டு. பிலிப்பைன்ஸில் பள்ளிப் படிப்பு முன்பு மொத்தம் பத்தே ஆண்டுகளாக இருந்தது. ஆசியாவில் வேறெங்கும் அப்படி இருக்கவில்லை. உலகிலேயே அங்கோலா, ஜிபூட்டி தவிர வேறு துணை அதற்கு இருக்கவில்லை என்று சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கேட்கும் நாடுகளில் பிலிப்பைன்ஸ் மாணவர்கள் இரண்டு ஆண்டு குறைந்தவர்களாகவே நின்றார்கள். பட்டம் முடித்த பொறியாளருக்கும் அதே பற்றாக்குறை. கடைசியில் 2013 மே மாதம் சட்டம் கொண்டுவந்து பள்ளியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். 2016-இல் பதினோராம் வகுப்பு முதல் முறையாக நாடெங்கும் தொடங்கியது. 2018-இல் முதல் அணி வெளியே வந்தது. அந்த இரண்டு ஆண்டும் புதிய மாணவர் வரத்தில்லாமல் கல்லூரிகள் தவித்தது தனிக்கதை. சீர்திருத்தத்துக்குக் காரணங்கள் வேறும் உண்டு. ஆனால் வெளிநாட்டு மேசையில் தம் சான்றிதழ் எப்படித் தெரிகிறது என்பது அவற்றில் வெளிப்படையாகவே சொல்லப்பட்ட ஒன்று. தமிழ்நாட்டில் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யூ.சி.யும் போய் 1978-இல் பிளஸ் டூ வந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட மாற்றத்தின் குழப்பம் புரியும்.

இவ்வளவும் தாள் உண்மையானது என்ற நம்பிக்கையில் நடப்பவை. அந்த நம்பிக்கையை விற்றுத் தின்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் ‘பெல்ஃபோர்டு உயர்நிலைப்பள்ளி’ என்று ஒன்று இணையத்தில் சான்றிதழ் விற்றது. வகுப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பணம் கட்டி வாங்கிய காகிதம் கல்லூரியில் செல்லவில்லை. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் நடந்த வழக்கில் 2012-இல் 2 கோடியே 27 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பானது. அதன் பின்னணியில் கராச்சியைச் சேர்ந்த ஆக்ஸாக்ட் நிறுவனம் இருப்பதாக நியூயார்க் டைம்ஸ் 2015 மே மாதம் எழுதியபோது, அதே மாதிரிப் பெயர்ப்பலகைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன.

பொய்த்தாள் பயத்தில் ஜெர்மனி 2001-இல் பெய்ஜிங்கில் ஒரு சரிபார்ப்பு அலுவலகத்தைத் திறந்தது. ஏ.பி.எஸ். என்று பெயர். பின்னர் வியட்நாமிலும் வந்தது. 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து இந்திய மாணவர்களுக்கும் கட்டாயம். கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். தொடக்க மாதங்களில் சான்றிதழுக்குக் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் ஒரு நாவல் எழுதலாம். இப்போது ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்களிலேயே அதிகம் பேர் இந்தியர்கள்தான். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49 ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

வேறு நாடுகளுக்கு வேறு முத்திரை. வெளியுறவு அமைச்சகத்தின் ‘அப்போஸ்டில்’ ஒட்டு ஒன்று. அது 1961 ஹேக் உடன்படிக்கையின் பிள்ளை; அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. தேர்வுத் துறையிடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று இன்னொன்று. அதற்காகச் சென்னை நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்துக்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழர்களுக்கென்றே ஒரு கூடுதல் சோதனை இருக்கிறது. இனிஷியல்! மதிப்பெண் பட்டியலில் ‘மலர்விழி கு.’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் ‘மலர்விழி குமாரசாமி’. வெளிநாட்டு மேசைக்கு இவர்கள் இரண்டு பேர். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டால், எங்களுக்கு அப்பா பெயர்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போகிறவருக்கு அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகி வரும்: முதற்பெயர் தெரியவில்லை. அம்மா அப்பா ஆசையாகச் சூட்டிய பெயர் பக்கத்துக் கட்டத்தில் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். சாதிப் பெயரை உதறியது நம் சமூகம் செய்த நல்ல காரியம். அதைப் படிவத்தின் கட்டங்களுக்குப் புரியவைப்பதுதான் பாடு.

தாளே இல்லாதவர் என்ன செய்வார்?

1980-களில் இலங்கையிலிருந்து நார்வேக்குப் போன தமிழ் இளைஞர்கள் பலர் மாணவர்களாகவே போனார்கள். அவர்களுக்கு வாசல் திறந்தவை அங்குள்ள நாட்டார் உயர்பள்ளிகள். விந்தை என்னவென்றால் அந்தப் பள்ளிகளில் தேர்வு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறே வாழ்க்கை என்று வளர்ந்த பிள்ளைகள், மதிப்பெண்ணே தராத பள்ளியின் பனி மூடிய வாசலில் போய் இறங்கினார்கள். அதற்குப் பின்னால் போரில் வீடு இழந்து, கோப்பு இழந்து, வேறு பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் படித்ததைக் காட்ட வழியில்லாமல் உணவகச் சமையலறைகளில் நின்றார்கள்.

லிஸ்பன் ஒப்பந்தத்தின் ஏழாம் பகுதி இவர்களைப் போன்றவர்களுக்கானது. அகதிகளிடம் ஆவணம் இல்லை என்றாலும் அவர்கள் தகுதியை மதிப்பிட நியாயமான வழி காண வேண்டும் என்கிறது. ரொம்ப நாள் அது காகிதத்திலேயே இருந்தது. நார்வேயில் நோக்குட் என்ற அமைப்பு நேர்காணல் முறை ஒன்றை வளர்த்தெடுத்தது. சிரியப் போருக்குப் பின் ஜெர்மனியின் மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2015 டிசம்பரில் ஒரு முடிவெடுத்தார்கள்: முதலில் அவர் அகதிதானா என்று பாருங்கள், அடுத்து அவர் சொல்லும் படிப்புக் கதை நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பின் தேர்வு வைத்துப் பாருங்கள். நார்வேயின் முறையை எடுத்துக்கொண்டு ஐரோப்பிய மன்றம் 2017-இல் கிரீஸில் ‘அகதிகளுக்கான ஐரோப்பியத் தகுதிக் கடவுச்சீட்டு’ என்பதைச் சோதித்துப் பார்த்தது.

அந்த நேர்காணல் அறையிலும் ஒரு மேசை உண்டு. கையில் இருக்கிற துண்டுத் தாள்கள் எவையோ அவை மேலே கிடக்கும், சில நேரம் ஒன்றுமே இருக்காது. எதிரே அகதியின் சொந்த நாட்டுக் கல்வி முறையை நன்கறிந்த மதிப்பீட்டாளர்கள். எந்தப் பள்ளி, எத்தனை ஆண்டு, கடைசி ஆண்டில் என்னென்ன பாடம், தேர்வை நடத்தியது யார், அதைத் தேறினால் உங்கள் ஊரில் எங்கே சேரலாம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். சொல்வது அந்நாட்டு முறையோடு பொருந்தினால் ஓர் ஆவணம் கொடுப்பார்கள். அது சான்றிதழுக்கு மாற்று இல்லை, இடத்துக்கும் உத்தரவாதமில்லை. ஐந்து ஆண்டு செல்லும்.